ஏறிய எடை

போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டாள் என் தங்கை. டாக்டர் காட்டச் சொன்னார். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

மூச்சு வாங்குகிறது, உதடு வெளுத்துக் கிடக்கிறது, இந்த நிலையிலும் காலைக் காட்ட வெட்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீட்டில் பேர் பூசணி. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அந்தக் கூண்டின் கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவாள். போன வருடம் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். கதவுக்குள் நேராக நடந்து போன அன்று ஆபீசுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். யார் கண் பட்டதோ என்று இப்போது அம்மா புலம்புகிறாள்.

கண்ணாவது மண்ணாவது. ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை போட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போட்டால் பசிக்கிறது என்று நிறுத்திவிட்டாள். சாப்பிட்டதில் பாதி வாந்தியில் போனது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இளைக்கிறாள் அல்லவா, நாங்கள் அதை மட்டும்தான் பார்த்தோம்.

பிறகு எடை ஏற ஆரம்பித்தது.

செருப்பு நுழையவில்லை. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். தினமும் காலையில் எடை மெஷினை எட்டிப் பார்க்கும் அவள் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பழைய உடம்பு வந்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சாப்பிட்ட நாலு வாயையும் ரெண்டு வாயாகக் குறைத்தாள். ஃபிரிட்ஜைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்து, நான் கெஞ்சினாலும் தராதே அக்கா என்றாள். நேற்று கெஞ்சினாள். நான் தரவில்லை. பெரிய கெட்டிக்காரி நான்.

இன்று காலை மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தோம்.

டாக்டரே போர்வையை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். பிசைந்த மாவில் விழுந்தது போல ஒரு குழி. அது நிரம்பவே இல்லை.

இதெல்லாம் தண்ணீர் என்றார். உடம்பில் சத்தே இல்லாமல் இதயம் சோர்ந்துபோய்விட்டதாம். தண்ணீரைத் தள்ள முடியாமல் உடம்பு முழுக்கத் தேங்கிவிட்டதாம். முன்பே வந்திருந்தால் வைட்டமின் ஊசியிலேயே தேறியிருப்பாள், இனிமேல் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். வீட்டுக்காரரை உடனே வரவழைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பாவி, பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோமே என்று நினைத்தேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அப்போ நான் குண்டாகலையாக்கா?"

இல்லைடி என்றேன்.

வீட்டுக்காரர் வந்ததும் முதலில் அதைச் சொல்லச் சொன்னாள்.