சிவப்பு மஃப்ளர்

மஞ்சுளா கல்லூரியில் படித்துக்கொண்டே கம்பளி நூலில் மஃப்ளர் பின்னுவாள். ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பாள்.

“யாங்கோன் வெயில்ல யாருக்குடி மஃப்ளர்? கையில போன் இருக்கையில ஃபிலிம் வேற கேக்குதா?” என்பாள் அம்மா.

மெச்சியவர் ஒருவர்தான். பசுந்தாங் பேட்டையில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். பர்மிய வழக்கப்படி ‘ஊ’ சேர்த்து, ஊ சுரேந்திரன் என்று எல்லோரும் மரியாதையாக அழைப்பார்கள்.

“வெள்ளைக்காரங்களுக்கு இதெல்லாம் உசிரு. பொழுதுபோக்குன்னு ஃபாரத்துல எழுதும்மா. மஃப்ளரும் கேமராவும் ஆபீஸ்லயே இருக்கட்டும், இன்டர்வியூல காட்டலாம்.”

இன்டர்வியூ நாளும் வந்தது. இருந்தது ஒரே ஒரு இலவச சீட்டு. சுரேந்திரனின் மகள் விஜயகுமாரி முதலில் உள்ளே போனாள். பின்னால் எழுந்த மஞ்சுளாவை அவர் தடுத்தார்.

“மத்தவங்க பயந்த புள்ளைங்க. நீ கெட்டிக்காரி, கடைசியாப் போ.”

மேலும் ஐந்து பேர் போய் வந்த பிறகு மஞ்சுளா கணினி முன் அமர்ந்தாள். திரையில் தெரிந்த அம்மையார் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டதும், மஃப்ளரை ஆசையாக விரித்துக் காட்டினாள். இரண்டே நிமிடத்தில் பேட்டி முடிந்தது.

“என்னம்மா சொன்னாங்க?”

“இதே மஃப்ளரைக் காலையிலேர்ந்து என்னையும் சேத்து ஏழு பேர் காட்டிட்டாங்களாம் அங்கிள்.” அவள் மஃப்ளரைச் சுருட்டினாள். “முதல்ல காட்டின பொண்ணுதான் பின்னியிருக்கணும், மத்தவங்க எல்லாம் பொய்யின்னு சொல்லிட்டாங்க.”

சுரேந்திரன் அவள் தலையைப் பரிவோடு தடவினார்.

“விடும்மா. அடுத்த வருஷம் நீயும் ஒரு நல்ல பொழுதுபோக்காக் கத்துக்கிட்டு வா.”