சுவரில் ஒரு கை

சிலேன் என்ற பூச்சைப் பூசிய சுவர் தோலைப் போல ஆறும். கீறினால் லேசாகச் சூடேறி, பூசிய நாளில் இருந்தபடியே மூடிக்கொள்ளும். ஆணி அடித்தால் இரண்டே நாளில் வெளியே தள்ளிவிடும்.

இறந்துபோன கணவன் அருள்வேலின் படத்தைப் பூங்கோதை மூன்றாவது முறை மாட்டியும் அது தரையில்தான் கிடந்தது. பூச்சுக் கம்பெனியிலிருந்து வந்த யூசுப் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"ஆணி நிக்காதுக்கா. வேணும்னா இந்த இடத்தைச் சுரண்டி வெறும் சிமென்ட்டா விட்டுடறேன். ஆனா அருள்வேல் அண்ணனோட கைத்தடமும் போயிடும்."

அருள்வேலும் அதே கம்பெனியில் பூச்சு அடித்தவன்தான். ஆறு மணி நேரம் யாரும் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் வீட்டு ஈரச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஷூவைக் கழற்றினான். அன்று பூங்கோதை அவனைத் திட்டித் தீர்த்தாள். நான்கு முறை பட்டி மாவு வைத்து அந்தத் தடத்தை மூடினாள். நான்கு முறையும் சுவர் பட்டியை உதிர்த்துவிட்டது.

"படம் மேஜை மேலயே இருக்கட்டும், தம்பி."

யூசுப் போனதும் கதவைச் சாத்தினாள். கத்தியை எடுத்து, அந்த உள்ளங்கையை மெல்லக் கீறினாள். சுவர் ஆறத் தொடங்கியது. சூடேறும்வரை காத்திருந்து, அதில் தன் கன்னத்தை வைத்தாள்.