பனிக்குள் வந்த பரிசல்

பாறை என்று நினைத்துத்தான் காவியா அதன்மேல் உட்காரப் போனாள். இன்னும் பத்தடி இருக்கும்போது பாறை காதை ஆட்டியது.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து பொத்தியது. மாமியார் மாதம்மாள்.

"சத்தம் போடாத. ஒத்த யானை. திரும்பாம அப்படியே பின்னால வா."

மார்கழிப் பனி ஒகேனக்கல் காவிரியை முழுவதுமாக மூடியிருந்தது. ஆற்றுக்கு நடுவே சின்ன மணல் திட்டு. அதன் ஒரு முனையில் நாணல் புதரும் யானையும், மறு முனையில் இவர்கள் இருவரும்.

காலையில் இவர்களை இறக்கிவிட்ட பரிசல்காரர், கரையில் நின்ற காவியாவின் கணவன் அருண்குமாரையும் சாப்பாட்டுப் பையையும் ஏற்றி வரத் திரும்பிப் போயிருந்தார். அப்போது இவ்வளவு பனி இல்லை. போனவர் வரவேயில்லை.

"அருணுக்குப் போனு போடு."

"டவரே இல்லீங்கத்த."

நாணல் மடமடவென்று முறிந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கி இவர்கள் பக்கமாக மோப்பம் பிடித்தது. மாதம்மாள் மருமகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். கல்யாணமாகி மூன்று மாதமாக அவளிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசாத மாமியார்.

"தண்ணிக்குள்ள எறங்கிரலாங்கத்த. லைஃப் ஜாக்கெட்தான் போட்டிருக்கமே."

"எறங்குனா இழுத்துட்டுப் போயி அருவியில தள்ளிரும். பேசாம இரு."

அருவி எங்கேயோ உறுமிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. பனிக்குள் எல்லாப் பக்கமும் அதே சத்தம்தான்.

யானை புதரை விட்டு வெளியே வந்து மணலில் கால் வைத்தது. காவியாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"யாராச்சும் இருக்கீங்களா? காப்பாத்துங்க! யானை!"

யானை நின்றது. இரண்டு காதுகளும் முறம்போல விரிந்தன. முடிந்தது என்று மாதம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கத்துங்க! நிறுத்தாம கத்திக்கிட்டே இருங்க!" பனிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "சத்தத்த வெச்சுத்தான் வர்றேன்!"

இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கறுப்பாக, வட்டமாக ஒரு பரிசல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து மணலில் மோதியது. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் துடுப்போடு முழங்காலிட்டிருந்தான். காலையில் இறக்கிவிட்ட ஆள் இல்லை.

"ஏறுங்க! சீக்கிரங்க!"

காவியா மாமியாரைத் தூக்கிப் போடாத குறையாக ஏற்றிவிட்டுத் தானும் குதித்தாள். பரிசல் மணலை விட்டு விலகவும் யானை தண்ணீர் ஓரத்துக்கு வந்து பிளிறவும் சரியாக இருந்தது. அந்தச் சத்தத்தில் காவியாவின் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது.

ஆனால் பரிசல் கரையை நோக்கிப் போகவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் யானை மறுபடியும் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

சுற்றுலா வந்தவர்களைப் பரிசல்காரர்கள் இப்படித்தான் சுற்றிவிட்டு அலற வைப்பார்கள். மாதம்மாளுக்கு வந்ததே கோபம்!

"ஏப்பா, உசுரு போயிட்டிருக்குது. இப்பத்தான் சுத்தி வெளையாட்டுக் காட்டறியா? நேராத் தள்ளு!"

"தள்றேங்கம்மா." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டான்.

தண்ணீரின் வேகம் கூடியது. அருவியின் உறுமல் இப்போது ஒரே பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கமாகத்தான் பரிசலும் நழுவிக்கொண்டிருந்தது. நிஜமான பாறை ஒன்று பனியிலிருந்து திடீரென்று எழுந்து பரிசலை இடித்தது. குளிர்ந்த தண்ணீர் மூவர்மேலும் கொட்டியது.

"கையால தள்ளுங்க! ரெண்டு பேரும் அந்தப் பக்கம் தள்ளுங்க!"

மாமியாரும் மருமகளும் தோளோடு தோள் ஒட்டி, தண்ணீரைக் கையால் வாரி வாரித் தள்ளினார்கள். "முனியப்பா, முனியப்பா" என்பதைத் தவிர மாதம்மாள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. துடுப்பு அடியில் எதிலோ தட்டியதும் அவன் அதைப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்தான். காவியா வீறிட்டாள். தண்ணீர் அவன் இடுப்பளவுதான் இருந்தது. விளிம்பைப் பிடித்துப் பரிசலை இழுத்துக்கொண்டே கரையேறினான்.

சத்தம் கேட்டு அருண்குமார் ஓடிவந்தான். தாயையும் மனைவியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு குலுங்கினான்.

"பனி விலகாம பரிசல எடுக்க முடியாதுன்னு அத்தன பேரும் சொல்லிட்டாங்கம்மா. அங்க கடைகிட்ட ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சிக்கிட்டு இருந்தேன்." பிறகு பரிசலில் வந்தவன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க ஒருத்தர்தாண்ணே துணிஞ்சு போயிருக்கீங்க."

வந்தவன் மணலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

மாதம்மாள் முந்தானையைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டினாள்.

"பயத்துல வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன், மனசுல வெச்சுக்காத சாமி. கண்ணு தெரியாத பனியில கொண்டாந்து சேத்துட்டியே! எத்தன வருசமாப் பரிசல் ஓட்டற?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நானும் சுத்திப் பாக்க வந்தவன்தாங்கம்மா. இவரு கெஞ்சறதப் பாத்துட்டுக் கரையில கெடந்த பரிசல எடுத்துட்டு வந்துட்டேன். பரிசல்ல ஏறுனதே இன்னைக்குத்தான்."