டொரண்டோவில் ஒரு கதிரை

வெள்ளவத்தை மாடிவீட்டின் யன்னலுக்குள்ளால் கடல்பக்கத்து மாலைவெயில் நுழைந்து புது டீவியில் செம்மஞ்சளாய்ப் படிந்திருக்கிறது. வீசா கிடைக்காத பாலசுந்தரமும் கனகேஸ்வரியும் பட்டு உடுத்து, மகனின் கலியாணத்துக்குச் சோபாவில் இருக்கிறார்கள். டொரண்டோவில் இப்போது காலை. கொம்பியூட்டரை டீவியில் கொழுவினால் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்றார்கள், பெரிதாகித்தான் விட்டது. நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையே இல்லை. "தம்பி, கொஞ்சம் குனி ராசா!" என்கிறார் கனகேஸ்வரி, டீவிக்கு மேலே இருக்கும் குட்டிக் கமராவைப் பார்த்து. அங்கே அவனும் குனிகிறான், ஐயர் முறைக்கிறார். மவுசோடு தரையில் குந்தியிருக்கும் கீழ்வீட்டு ஹாஷிம் சிரிக்கிறார். "அவரக் குனியவெக்க வாணாம் அக்கா, நான் படத்தச் சின்னதாக்கித் தாரன்." மேளம் உச்சத்துக்கு ஏறுகிறது. "ஐயர் தாலியை எடுத்திட்டார், ஹாஷிம்!" பாலசுந்தரம் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். படம் ஒருதரம் கறுத்து, சுருங்கி, முழுதாகத் திரும்பி வருகிறது. தலைப்பாகை வந்துவிட்டது. மணவறையின் ஓரத்தில் இவ்வளவு நேரமும் வெட்டுப்பட்டிருந்த ஒரு கதிரையும் வந்துவிட்டது. பட்டுச் சால்வை விரித்த கதிரையில் ஒரு மடிக்கணினி. அதற்குள் பட்டு உடுத்து, இதே சோபாவில், இவர்கள் இருவரும். "எங்களையும் இருத்தியிருக்கிறான், பாருங்கோவன்!" அங்கே தாலி ஏற, வாழ்த்துக்கென்று முன்னால் வைத்திருந்த தட்டத்து அறுகரிசியை அள்ளி டீவிக்கு எறிகிறார் கனகேஸ்வரி. பாலசுந்தரம் எறிகிறார். ஹாஷிமும் ஒரு பிடி. டீவிக் கண்ணாடியில் சடசடவென்று கொட்டுகிறது. ஒரு நொடி பிந்தி, டொரண்டோக் கதிரையின் மடிக்கணினிக்குள்ளும் அரிசி பறக்கிறது.