வானத்துல ஒண்ணுமில்லீங்க

"நான் ஒண்ணுமே பாக்கலீங்க" என்றார் அப்புசாமி, மூன்றாவது முறையாக.

விமானப்படை அதிகாரி கிருபாசங்கர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "பதினோராம் தேதி காலையில ஆறு பத்துக்கு உடுமலைப்பேட்டை போலீசுக்கு போன் பண்ணியிருக்கீங்க. 'எவர்சில்வர் குண்டாவைக் கவுத்து வெச்ச மாதிரி ஒண்ணு தோப்புக்கு மேல நிக்குதுங்க. சத்தமே இல்லீங்க.' இது உங்க குரல்தானே?"

"குரல் என்னுதுதானுங்க. தூக்கக் கலக்கமுங்க."

"தூக்கக் கலக்கத்துலதான் மோட்டார் போட்டு வாழைக்குத் தண்ணி கட்டினீங்களா? அதையும் போன்ல சொல்லியிருக்கீங்களே!"

காபியோடு வந்த ராசாத்தாள் கணவரைக் காப்பாற்றினாள். "அவருக்குக் கண்ணு சரியில்லீங்க சார். பக்கத்துல நிக்கிற என்னையவே பல நேரம் தெரியறதில்லை."

அதிகாரி சிரிக்கவில்லை. "பயப்படாம சொல்லுங்க. பார்த்தேன்னு ஒரு வார்த்தை போதும்."

அப்புசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'அது பலூன், போய் வேலையைப் பாரு' என்று அதட்டிவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தார். இவரோ, பார்த்ததாகச் சொல்லும்படி கெஞ்சுகிறாரே!

தண்ணீர் குடிக்கும் சாக்கில் ராசாத்தாள் பின்னாலேயே சமையலறைக்குள் போனார். "ஏ புள்ள, உள்ளதைச் சொல்லிப்போடட்டுமா?"

"சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க! டீக்கடையில ஏற்கெனவே உங்களைக் குண்டாக்காரருன்னுதான் கூப்பிடறாங்களாம். நிச்சயத்துக்கு முன்னால கொடுமுடி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இந்த வாரம் ஊருக்குள்ள வந்து நம்மளைப் பத்தி விசாரிப்பாங்கன்னு தரகர் சொன்னாரல்ல? பொண்ணோட அப்பனுக்கு மூளை கலங்கிருச்சுன்னு ஒருத்தன் சொன்னாப் போதுமுங்க, எல்லாம் முடிஞ்சுது."

கதவோரம் மகள் வர்ஷினி நின்றிருந்தாள். மூன்று வருடத்தில் வந்த பதினேழு ஜாதகங்களில் அவள் சரியென்று தலையாட்டியது இந்த ஒருவனுக்குத்தான்.

அப்புசாமி வெளியே வந்தார். "வானத்துல ஒண்ணுமில்லீங்க. அப்படியே எழுதிக்குங்க."

"யோசிச்சுக்கங்க. கையெழுத்துப் போட்டா இன்னிக்கே ஃபைலை மூடிருவோம்."

போட்டார்.

கிருபாசங்கர் தாளை மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார். "உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா அதே நேரத்துல, அதே உருவத்தை இன்னொரு பையனும் பார்த்திருக்கான். கரண்டு எடுக்கிற காத்தாடிக் கம்பெனி இன்ஜினீயர். எண்பது மீட்டர் உயரத்துல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவன். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியற ஆளை எப்படி மேலே ஏத்தறதுன்னு கம்பெனி அவனை நிறுத்தி வெச்சிருக்கு. இன்னொரு சாட்சி கிடைச்சா, பையன் புத்தி தெளிவாத்தான் இருக்குன்னு எழுதிக் கொடுக்கலாம்னு வந்தேன்."

"அந்தப் பையனும் பாக்கலைன்னு சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே?"

"நானும் அதைத்தான் சொன்னேன். கேட்கலையே! அடுத்த மாசம் நிச்சயதார்த்தமாம். 'பொண்ணு ஊட்டுக்குத் தெரிஞ்சா எல்லாமே நின்னுபோகும் சார். அதுக்காகப் பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்லமாட்டேன்'னுட்டான்."

அப்புசாமிக்கு என்னவோ போலிருந்தது. ஜீப் வரைக்கும் கூடவே நடந்தார்.

"எந்த ஊர்ப் பையனுங்க?"

"கொடுமுடி. பேரு மிதுன்."

ஜீப் கிளம்பியது. அப்புசாமி வாயைத் திறப்பதற்குள், செருப்புக்கூடப் போடாமல் வர்ஷினி அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.