ஊர் ரோடு

காலனியிலிருந்து கிளம்பிய அமரர் ஊர்தி, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுவிட்டது.

முன்னால் போன அதிகாரியின் ஜீப், ஊருக்குள் போகும் சிமென்ட் ரோட்டில் நேராகப் போயிருந்தது. பறையடித்துக்கொண்டு நடந்தவர்களோ, பழக்கத்தில் இடதுபுறம் ஏரிக்கரை மண்பாதையில் திரும்பிவிட்டார்கள்.

எந்தப் பக்கம் ஓட்டுவதென்று டிரைவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரிதாவைப் பார்த்தார்.

சரிதாவுக்கு மட்டும் என்ன தெரியும்? ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் உறுப்பு தானத்துக்காக நடக்கும் ஒரு அறக்கட்டளையில் தொண்டு. சிங்காரப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இப்படி ஓர் ஊர் இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

வண்டிக்குள் முனீஸ்வரன் மாலைகளுக்கு அடியில் படுத்திருந்தான். போச்சம்பள்ளிக்கு வேலைக்குப் போன வழியில் பைக் மீது லாரி மோதி மூளைச்சாவு. கல்லீரலும் சிறுநீரகங்களும் கண்களும் முகம் தெரியாத யாருக்கோ போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி மேகலாவிடம் உட்கார்ந்து பேசியது சரிதாதான்.

உன் வீட்டுக்காரர் இன்னும் நாலைந்து பேருக்குள் இருப்பார் என்றாள். அவர் கண்கள் உலகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்றாள். மேகலா தரையைப் பார்த்தபடி இருந்தாள். சரி, இதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது என்று சரிதா டீ வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது மேகலா தலையை நிமிர்த்தி, "எடுத்துக்கச் சொல்லுங்கக்கா" என்றாள்.

தன் வார்த்தைகள் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறது என்று சரிதா நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது; கூடவே கொஞ்சம் பெருமையும்.

ஊருக்குள்ளிருந்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வேகமாக வந்தார்.

"சுடுகாட்டுக்கு அந்தப் பக்கம்ங்க டிரைவரே. ஏரிக்கரை மேலயே போங்க."

வழி சொல்ல ஒருவராவது வந்தாரே என்றிருந்தது சரிதாவுக்கு. "அவர் சொல்ற மாதிரியே திருப்புங்கண்ணா" என்றாள்.

டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வண்டியின் பக்கவாட்டில் படாரென்று ஒரு கை அறைந்தது.

மேகலா.

"நேரா போங்கண்ணா."

குரலில் அழுகை இல்லை. பறை நின்றது. காலனி ஆட்கள் மண்பாதையில் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளை வேட்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தூரத்தில் ஜீப் நின்று, அதிலிருந்து இறங்கிய போலீஸ்காரர், ஏன் இன்னும் வரவில்லை என்பதுபோல் கையசைத்தார்.

வேட்டிக்காரர் ஜீப்பைப் பார்த்தார். மேகலாவைப் பார்த்தார். பிறகு ரோட்டோரம் ஒதுங்கி நின்றார்.

வண்டி நேராகப் போனது.

இருபுறமும் மாடி வீடுகள். வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் முகம் பார்க்க வரவில்லை. யாரும் வாய் திறக்கவும் இல்லை. ஒருத்தி குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

வீட்டிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு வந்த முனீஸ்வரனின் அம்மா சாந்தம்மா, அந்தத் தெருவில் மட்டும் அழவில்லை. முதல் தடவையாக ஓர் ஊருக்கு வந்தவள்போல, வலமும் இடமும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சுடுகாட்டில் அதிகாரி மலர்வளையம் வைத்தார். போலீஸ்காரர்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார்கள். சரிதா மேகலாவின் தோளில் கை வைத்தாள். "பெரிய மனசு மேகலா உனக்கு. அன்னைக்கு நான் சொன்னதை..."

"நீங்க சொன்னது எதுவுமே என் காதுல விழலக்கா."

மேகலா உள்ளே குழி இருந்த பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க டீக்குப் போனப்ப ஒரு நர்சு வந்தாங்க. உறுப்பு குடுத்தா பெரிய ஆபீசரு ஜீப்புல வந்து மரியாதை பண்ணுவாரு, போலீசெல்லாம் கூட வரும்னாங்க. ஜீப்பு ஏரிச் சேத்துல போகாதுல்லக்கா?"

சரிதா அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"போன மழைக்கு எங்க மாமனார் செத்துட்டாரு. இந்த ரோட்டுல எங்க பொணத்த விடமாட்டாங்க. ஏரிக்கரை வழியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. வழுக்கி, பாடை சரிஞ்சு, அவரு தண்ணிக்குள்ள உருண்டுட்டாரு. இவருதான் எறங்கித் தேடித் தூக்குனாரு. அதுக்கப்புறம் ஒரு வாரம் எங்கிட்டகூடப் பேசல."

உள்ளே மண் தள்ளும் சத்தம் கேட்டது.

"அந்த நாலஞ்சு பேரும் நல்லா இருக்கட்டும்க்கா. பொய் சொல்லல, நெசமாத்தான். ஆனா நான் தலையாட்டுனது அதுக்கில்ல."

அதிகாரியின் ஜீப் கிளம்பிப் போனது. பின்னாலேயே போலீசும் போனது. அமரர் ஊர்தி டிரைவர் ஹாரன் அடித்தார். ஊத்தங்கரையில் பஸ்ஸுக்கு இறக்கிவிடுகிறேன், வந்து ஏறும்மா என்றார் சரிதாவிடம்.

மேகலா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். மற்ற பெண்கள் தயங்கி நின்றார்கள். அவள் ஏரிக்கரைப் பக்கம் திரும்பவில்லை.

வந்த ரோட்டிலேயே போனாள். வாசல்களில் ஆட்கள் அப்படியே நின்றிருந்தார்கள்.

சரிதா டிரைவரைப் போகச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் சாந்தம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.