அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில்

வெங்கடராமன் இறந்து ஓராண்டு நிறையும் வருஷாப்திகத்துக்கு வரும் உறவினர்களிடம் கொடுக்க, மகள் மது ஒரு சின்னப் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸ் வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் நழுவிவிடுகிற மனிதர். ‘ஒரே ஒரு படமாவது சேர்ந்து எடுத்துண்டிருக்கலாம்’ என்பது அம்மா பாகீரதியின் தீராத குறை.

ஏரிக்கரையில் அம்மா தனியாக நின்று கேமராவைப் பார்க்கும் படம்தான் கிடைத்தது. அதையே வைத்து, பக்கத்தில் புத்தகத்தின் வரிகள் ஒட்டி ஓடும்படி, பக்கங்களை அமைக்கும் லேடெக் மென்பொருளில் கட்டளை எழுதினாள் மது. வரிகள் ஒட்டவில்லை, தள்ளியே நின்றன. அகலத்தைக் குறைத்தாள். கட்டளையை அழித்துப் புதிதாக எழுதினாள். இடைவெளி அப்படியே இருந்தது. அச்சகத்துக்கு அன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

தாளில் அச்செடுத்து அம்மாவிடம் காட்டினாள்.

“ஏண்டி இவ்வளவு எடம் விட்டிருக்கே?”

“நான் விடலேம்மா. லேடெக்கே எடம் விட்டாலும் கட்டமாத்தான் விடும். இது வளைஞ்சு வளைஞ்சு போறது.”

பாகீரதி தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வரிகள் மேலே ஒரு தலையளவுக்கு ஒதுங்கி, கழுத்தருகே உள்ளே வந்து, மறுபடி விலகியிருந்தன. வெங்கடராமனின் பை மாட்டிப் பழகிய தோள்போல அந்த இடம் சற்றுச் சரிந்திருந்தது.

“படத்துக்குக் கூப்பிட்டப்போல்லாம் ஓடினார். இப்போ தானா வந்து நிக்கறார். தொந்தரவு பண்ணாதே.”

“பாக்கறவா தப்புன்னு நெனைப்பாம்மா.”

“நெனைச்சுக்கட்டும்.”

மது அப்படியே அனுப்பினாள்.

அச்சாகி வந்த புத்தகங்களில் வரிகள் மாறவில்லை. படத்தில் மட்டும் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்து வெற்றிடத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.